காய்ச்சலே இல்லாமல் அப்பாவுக்கு வந்த நியூமோனியா

போன மார்கழி, மழை விடாமல் பெய்த கிழமை. எங்கள் வீடு முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம், அப்பாவுக்கு 71 வயது. முதலில் வெறும் தடிமன்தான். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், பாமசியில் இருமல் பாணி வாங்கினோம், உடம்பு சுடவில்லைத்தானே என்று நான் நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது.

ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழும்பி, "மாட்டைக் கட்டியாச்சோ பிள்ளை?" என்று கேட்டார். எங்களிடம் மாடு இல்லை, 2009 இடப்பெயர்வோடு எல்லாம் போய்விட்டது. நித்திரைத் தூக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தேன், அவரால் படுக்க முடியவில்லை, திரும்ப எழும்பிக் குந்தினார். லைட்டைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தடிக் குழி உள்ளே போய் வந்தது. போனில் நேரம் வைத்து எண்ணினேன், ஒரு நிமிடத்துக்கு 34. பெரிய ஆளுக்கு ஓய்வில் 20க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், 30 என்றால் ஆபத்து. உடனே 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்க, 86 வீதம்தான் காட்டியது. ஒட்சிசன் போட்டார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. காற்று நிற்க வேண்டிய சின்னச் சின்னப் பைகளில் நீரும் சீழும் நிறைந்தால் அப்படித்தான் தெரியுமாம், பிறகு எவ்வளவு இழுத்து மூச்சு விட்டாலும் இரத்தத்துக்கு ஒட்சிசன் போதாது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரும், ஆள் தடுமாறிப் பேசுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னபோதுதான் அந்த மாட்டுக் கதை எனக்கு விளங்கியது.

"வயலுக்குள் இறங்கினவரோ?" என்றும் கேட்டார். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலும் நுரையீரலைப் பிடிக்கும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அதனால் ஆட்கள் செத்தது நினைவுக்கு வர எனக்குக் கால் நடுங்கியது. இரத்தம் எடுத்தார்கள், நெடுநாள் சுருட்டுக்காரர் என்பதால் சளியைக் காசநோய்க்கும் பார்த்தார்கள். இரண்டும் இல்லை.

நான்கு நாள் ஊசி, பிறகு குளிசை. மூன்றாம் நாளே ஆள் தெளிந்து சோறு கேட்டார், சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. குளிசையை இடையில் நிறுத்தக் கூடாது என்று தாதி இரண்டு தரம் சொல்லி அனுப்பினார், நல்லாகிவிட்டது என்று அப்பா நிறுத்தப் பார்த்ததால் நான் ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் நின்று கொடுத்தேன். இருமல் ஆறு கிழமை இருந்தது. அதற்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளை இல்லை, ஆனாலும் பங்குனி வரைக்கும் கிணற்றடிக்குப் போய் வந்தாலே திண்ணையில் இருந்து களையாறித்தான் உள்ளே வருவார். சுருட்டை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.