மகளுக்கு இரண்டாவது எலும்பு முறிவு: வைட்டமின் டி சோதனை வரை

சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், வீட்டுக்குள்ளேயே கால் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. தொடக்கப்பள்ளியிலும் ஒருமுறை கை முறிந்திருக்கிறது, ஆனால் அது விளையாட்டுத் திடலில் உயரத்திலிருந்து விழுந்து. மாவுக்கட்டு போட்ட டாக்டர், வளரும் வயதில் இது சகஜம் என்றார். உண்மைதான், எலும்பு நீள்கிற வேகத்துக்கு அதில் தாது சேர்வதில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். சாப்பாடு, மாதவிடாய், ஸ்டீராய்டு மருந்து, குடும்பத்தில் யாருக்காவது எலும்பு முறிவு என்று அந்த டாக்டர் பொறுமையாக விசாரித்தார். சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். கடிதத்தோடு போனால்தான் மானியக் கட்டணம், அதனால் நேரே போய்விடாதீர்கள்.

ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி எல்லாம் பார்த்தார்கள். வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம்தான். 20க்குக் கீழே போனாலே குறைபாடு.

“சிங்கப்பூர் வெயிலில் இதெல்லாம் வருமா?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வெயில் இருக்கிறது, பிள்ளை அதில் எங்கே இருக்கிறாள்? பேருந்து, வகுப்பறை, துணைப்பாடம், மறுபடி வீடு. கண்ணாடி வழியே வரும் வெயில் கணக்கில் சேராது, வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நம்முடைய கருத்த தோலுக்கு மற்றவர்களைவிட அதிக நேரமும் வேண்டும். இதை முன்பே யாராவது நம் தாய்மார்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் எலும்பு அடர்த்தி ஸ்கேன். பிள்ளைகளுக்கு அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுவார்கள். சராசரி என்றால் பூஜ்யம், மகளுக்கு மைனஸ் 1.3. மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழே போய், முறிவுகளும் பலமுறை வந்திருந்தால், அல்லது பெரிய அடி படாமலேயே முதுகெலும்பு நசுங்கியிருந்தால்தான் எலும்புத் தேய்வு நோய் என்பார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. முறிவுக்கு இந்தக் குறைபாடுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சரிசெய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

வாரம் ஒருமுறை 50,000 யூனிட் மாத்திரை, பிறகு தினசரி சிறிய அளவு. கடையில் வாங்கி நாமாகக் கொடுக்கக்கூடாது. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். சாப்பாட்டில் பாலும் நெத்திலியும் கேழ்வரகும் கூட்டினேன்.

மறுசோதனையில் வைட்டமின் டி 32. நெட்பால் பயிற்சிக்குத் திரும்பலாம் என்று பள்ளிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார் டாக்டர்.