மார்சேயில் காற்று விழுந்தது

28 ஜூலை 2024, ஞாயிறு

பாரிஸ் ஒலிம்பிக் என்கிறார்கள், ஆனால் பாரிசில் கடல் இல்லை. அதனால் பாய்ப் படகுப் போட்டியைத் தெற்கே மத்தியதரைக் கடலோரம், மார்சேய் நகரத்தில் வைத்திருக்கிறார்கள். இன்று தொடங்கியது. இலங்கையிலிருந்து இந்த முறை ஆறு பேர்தான் போயிருக்கிறார்கள். ஓட்டம், ஈட்டி, நீச்சல், பட்மின்டன். பாய்ப் படகுக்கு யாரும் இல்லை.

ஐயாவிடம் சொன்னேன். என் அப்பா, 82 வயது. பதினாலு வயதிலிருந்து எஞ்சின் வந்து சேரும் வரைக்கும் பாய் கட்டித் தொழிலுக்குப் போனவர். அவருடைய தகப்பன் தண்டையல், கப்பலை நடத்தும் தலைவர். (வல்வெட்டித்துறையில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதினால் அன்னபூரணியைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே கட்டிய கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. சொல்லியாயிற்று, இனிச் சொல்ல மாட்டேன்.)

"எங்கட நாட்டாள் ஒருத்தரும் உதுக்குப் போகேல்லையோ?" என்றார்.

போயிருக்கிறார். ரே விஜேவர்தன, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஃபின் வகைப் படகில். அப்போதும் தலைநகரில் கடல் இல்லாமல் அகபுல்கோவில்தான் ஓடினார்கள். 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் அவருக்கு வெள்ளி. அவர் ஒரு பொறியியலாளர், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை வடிவமைத்தவரும் அவரே என்றேன். ஐயா வெள்ளிப் பதக்கத்தை விட்டுவிட்டார். "லாண்ட்மாஸ்டர் செய்த ஆளோ!" பெரியப்பா வன்னியில் ஒன்று வைத்திருந்தார். அரை மணி நேரம் அதன் பெல்ட் கதை ஓடியது.

1 ஆகஸ்ட், வியாழன்

கடையை மருமகனிடம் விட்டுவிட்டு மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். மார்சேய்க்கும் எங்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். அங்கே மதியம். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஐயாவுக்குத் தூரம் தெளிவு, கிட்டத்தில் மங்கல். ரப்லெட்டை மேசையில் நிறுத்திவிட்டு அவரை வாசற்படியில் இருத்தினோம். பூத உடலுக்கு வைத்தது மாதிரி அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி. என் அக்காவின் மகள் செய்த வேலை.

இன்றைக்குத்தான் எனக்கு வேண்டிய போட்டி. ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் படகு. ஆண்களுக்கு இல்கா 7, பெண்களுக்கு இல்கா 6. முன்பு லேசர் என்று சொல்வார்கள். உடல் இரண்டுக்கும் ஒன்றேதான், 4.23 மீற்றர். பாய்தான் வேறு. ஆண்களுக்கு ஏழு சதுர மீற்றருக்குச் சற்று மேல், பெண்களுக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகு என்பதால் படகைக் குறை சொல்லித் தப்ப முடியாது.

எதிர்க்கரையிலிருந்து இரண்டு பேர். சென்னைப் பெண் நேத்ரா குமணன். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன், இராணுவத்தில் இருப்பவர், போன வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் எடுத்தவர். குமணன் என்ற பெயரைக் கேட்டதும் ஐயாவுக்கு முதிரமலை வள்ளல் ஞாபகம் வந்துவிட்டது. தலையையே கொடுக்கத் துணிந்தவன் பரம்பரை, பதக்கத்தை விட்டுக்கொடுத்துவிடுமோ என்று பகிடி.

நாற்பத்து மூன்று படகுகள் ஒரே கோட்டில் நின்று சங்கு ஊதக் காத்திருப்பது பார்க்க ஒன்றும் புரியாது. எனக்குப் புரியவில்லை. ஐயா மட்டும் திரையைத் தொடாமல் விரலால் காட்டினார். "அங்காலை தண்ணி கறுத்துக் கிடக்குது. காத்து அதிலதான் இருக்கு. உவன் ஏன் இஞ்சால வாறான்?" வலப்பக்கம் போன படகுகள் சற்று நேரத்தில் முன்னே வந்தன. வர்ணனையாளர் அதைச் சொன்னது அதற்குப் பிறகு.

காற்றுக்கு நேரே எந்தப் பாயும் ஓடாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். எங்கே திருப்புவது என்பதில்தான் முழுப் பந்தயமும். திருப்பியதும் ஓட்டுபவர் கால் வாரில் பாதத்தைக் கொளுவிக்கொண்டு உடம்பு முழுவதையும் வெளியே சாய்க்கிறார். "நாங்கள் பலகையை வெளியால நீட்டி, அதில ஆளை இருத்துவம்" என்றார் ஐயா. "காத்துக் கூடினால் இன்னொரு ஆள்." பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கையில் விடாமல் வைத்திருப்பதைப் பார்த்து, "உது ஒண்டுதான் மாறேல்லை" என்றார்.

நேத்ரா முதல் ஓட்டத்தில் ஆறாவது, அடுத்ததில் பதினைந்தாவது. இரவு மொத்தத்தில் பதினோராம் இடம். விஷ்ணு முதலாவதில் பத்து, இரண்டாவதில் முப்பத்து நான்கு. அக்கா மகளுக்குக் கணக்கு விளங்கவில்லை. எத்தனையாவதாக வருகிறாயோ அத்தனை புள்ளி, குறையக் குறைய நல்லது, மிக மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள் என்றேன். "அப்ப முப்பத்து நாலைக் கழிச்சுப்போடலாம்தானே மாமா" என்றாள். கழிக்கலாம். ஒருமுறைதான்.

2 ஆகஸ்ட், வெள்ளி

ஒளிபரப்பு இல்லை. இணையம் விழுந்துவிட்டது. அழைத்தால் "சரிசெய்துகொண்டிருக்கிறோம்" என்ற பதிவுக்குரல். இரவு பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்தேன். இருவரும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. அதிகாலையில் கீரிமலைக்குப் போய்க் குளித்து அப்பப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தோம். சனம் நெருக்கித் தள்ளியது. திரும்பும்போது சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, வயற்பக்கத்துப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. சோளகத்தில் எங்கள் வடகரை அமைதியாக இருக்கும், காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால். தெற்கே போனால்தான் அதன் குணம் தெரியும்.

வாகனத்தில் வரும்போது ஐயாவுக்குத் தண்டனைச் சுற்றை விளக்கினேன். படகோடு படகு உரசி, தவறு தன்னுடையது என்று தெரிந்தால், அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். வழக்கும் இல்லை, பிணக்கும் இல்லை. ஐயாவுக்கு அது நிரம்பப் பிடித்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் எல்லைவேலிப் பிணக்கு வைத்திருக்கும் சிலரை இப்படிச் சுற்றவிட வேண்டும் என்று பெயர்களைச் சொன்னார். அவற்றை எழுத மாட்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றைக்குப் பதக்க ஓட்டம். முதல் பத்துப் பேர் மட்டும், புள்ளி இரட்டிப்பு. நம்மவர்கள் இல்லை. விஷ்ணு பதினெட்டாவது, நேத்ரா இருபத்தோராவது. டோக்கியோவில் இருபதும் முப்பத்தைந்தும். ஏறியிருக்கிறார்கள், அதிலும் நேத்ரா பதினான்கு படி. செய்தித் தலைப்புகள் "ஏமாற்றம்" என்கின்றன. எழுதியவர் ஒரு நாளாவது வள்ளத்தில் ஏறியிருப்பாரோ தெரியவில்லை.

ஐந்தரை வரை காத்திருந்தோம். காற்று இல்லை. பாய்கள் துவைத்துப்போட்ட சேலை மாதிரித் தொங்கின. மார்சேயில் மிஸ்ட்ரால் என்று ஒரு காற்று இருக்கிறது, வடமேற்கிலிருந்து நாட்கணக்காக அடிக்கும் என்று வாசித்து வைத்திருந்தேன். ஐயாவிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன். அது வரவில்லை. இங்கே முற்றத்துப் பூவரசு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் நாளைக்கு என்று அறிவித்துவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல். ஐயாவுக்கு இல்லை. காற்று விழுந்து இரவு முழுக்கக் கடலில் கிடந்த கதைகள் அவரிடம் நிறைய. ஒருமுறை தண்ணீர் முடிந்து இளநீர்க் குரும்பையைச் சப்பிக்கொண்டு விடிய விடிய இருந்தார்களாம். "அவையளுக்கு இழுக்க மோட்டர் வள்ளம் நிக்குது. பிறகென்ன?"

7 ஆகஸ்ட், புதன்

ஓடி முடித்தார்கள். ஆண்களில் அவுஸ்திரேலியாவின் மாட் வேர்ன் தங்கம், டோக்கியோவிலும் அவர்தான். சைப்பிரஸின் பாவ்லோஸ் கொன்டிடெஸ் வெள்ளி. பெருவின் ஸ்டெபானோ பெஸ்கியேரா வெண்கலம், 1992க்குப் பிறகு அந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம். பெண்களில் நெதர்லாந்தின் மரிட் பாவ்மீஸ்டர் தங்கம். இது அவருடைய நாலாவது ஒலிம்பிக், நாலிலும் பதக்கம். நடுவில் ஒரு பிள்ளையும் பெற்றார்.

சைப்பிரஸ் எங்கே என்று ஐயா கேட்டார். வரைபடத்தில் காட்டினேன். எங்கள் தீவைவிட எவ்வளவோ சின்னது. "சின்னன்தான். ஆனால் பாயை விடேல்லை" என்றுவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார். கொன்டிடெஸ் லண்டனில் எடுத்த வெள்ளிதான் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் என்று நான் சொன்னதைக் கேட்டாரோ தெரியாது.

8 ஆகஸ்ட், வியாழன்

நாளை நல்லூர்க் கொடியேற்றம். அக்கா வீடு கழுவிக்கொண்டிருந்தார், எங்களை ரப்லெட்டோடு வேப்பமரத்தடிக்குத் துரத்திவிட்டார்.

இன்று பட்டம். உண்மையாகத்தான். இந்த ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆள் ஒரு பலகையில் நிற்கிறார், இடுப்பில் பூட்டிய கயிறுகளின் மறுமுனையில் வானத்தில் பெரிய பட்டம். பலகைக்குக் கீழே இறக்கை மாதிரி ஒரு தகடு, வேகம் வந்ததும் பலகை தண்ணீரை விட்டே எழும்பிவிடுகிறது. நல்ல காற்றில் மணிக்கு எழுபது கிலோமீற்றரையும் தொடுமாம். பெண்களில் பிரித்தானியாவின் எல்லி ஆல்ட்ரிஜ் தங்கம் வென்றார்.

காற்றில் முழங்கும் விண் பூட்டித் தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி வைக்கும் ஊரில் இதை யாரும் லேசில் புகழ மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் நாலு பேர் மதிலால் எட்டிப் பார்த்து, கொடுப்புச் சரியில்லை, முச்சை சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஐயா கடைசிவரை பேசாமல் பார்த்தார். காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சத்தத்தைக் கூட்டு" என்றார். கூட்டினேன்.

"உதுக்கு விண் பூட்டேல்லையோ?"