கோணேசர் மலையில் அக்கா சொன்ன பயம்

சத்திரசிகிச்சைப் புண் ஆறிய கையோடு, அடுத்தது கெமோ, அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவது, என்று டொக்டர் சொன்னார். அக்கா வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். மார்பகப் புற்றுநோய். கட்டியோடு இடது கமக்கட்டில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். அதற்கெல்லாம் வாய் திறக்காமல் சம்மதித்தவர், மருந்து ஏற்றுவதற்கு மட்டும் இப்படி மறுத்தது ஏன் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அத்தான் கெஞ்சிப் பார்த்தார். மாமி கோபித்தும் பார்த்தார். கடைசியில் அக்காவே சொன்னார்: "முதல்ல கோணேசரைக் கும்பிட்டுட்டு வாறன். பிறகு கதைப்பம்."

சொந்தக்காரர் ஒருவர் அப்படியே கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் குளிக்க வார்க்கச் சொன்னார். நான் மறித்துவிட்டேன். புதுத் தழும்பில் சுடுதண்ணீர் பட வேண்டாம் என்பது ஒன்று. செத்தவர்களுக்குக் கடன் கழிக்கப் போகிற இடத்துக்கு, உயிருக்குப் பயந்திருக்கிற மனுசியைக் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை என்பது மற்றது.

திருகோணமலையில் பிறந்தவர்களுக்குக் கோட்டை வாசல் புதிதல்ல. கோணேசர் கோயில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள் எங்கள் ஓட்டோ நுழைந்ததும் மான்கள் வழக்கம்போல ரோட்டை மறித்து நின்றன. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் கொண்டுதான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1950இல் கிணறு தோண்டிய இடத்தில் பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்ததையும், 1963இல் திரும்பக் கும்பாபிஷேகம் நடந்ததையும் அப்பா எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். அதனாலோ என்னவோ, அக்கா எப்போது வந்தாலும் அந்தத் திருமேனிகளில் ஒன்றான சோமாஸ்கந்தர் முன்னால் கூட நேரம் நிற்பார்.

அன்றும் நின்றார். தீபாராதனைக்கு மணி அடித்ததும் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். அக்காவின் வலது கை மேலே போனது. இடது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. சேலைத் தலைப்புக்குள் அந்தக் கை நடுங்கியதைப் பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். கமக்கட்டில் வெட்டியவர்களுக்கு இந்த இறுக்கம் இருக்கும். சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழக்க வேண்டும் என்று பிசியோ சொல்லிக் கொடுத்திருந்தார், ஆனால் அக்கா வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை. கோணேசருக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓர் அங்குலம் தூக்கினார்.

சம்பந்தர் பதிகம் படித்தோம். "தாயினும் நல்ல தலைவரென் றடியார்" என்று தொடங்கும் பாட்டில் "நோயிலும் பிணியுந் தொழலர்பால் நீக்கி" என்று வரும். அந்த இடத்தில் அக்காவுக்குக் குரல் அடைத்துப்போனது. மிச்சத்தை நான் படித்து முடித்தேன். மாதுமை அம்பாளிடம் குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற மரத்தடியில், இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவைப் பார்த்தபடி இருந்தோம். தன் நோயாளித் தாய் கும்பிடட்டும் என்று இந்த மலையையே பெயர்க்கப் பார்த்தானாம் இராவணன். அந்தக் கதையைத்தான் அக்கா முதலில் எடுத்தார். "அந்த மனுசியிட்ட ஆராவது கேட்டவையே, உனக்கு என்னம்மா வேணுமெண்டு?"

நான் கேட்டேன், "உனக்கு என்ன பயம், அக்கா?"

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசிக்குப் பயமில்லையடா. தலைமயிர் போனாலும் போகட்டும். அம்மா கடைசியில வாயெல்லாம் புண்ணாகி, தண்ணிகூட இறங்காமல் கிடந்தவா. நான்தானே கரண்டியால பருக்கினனான். அப்பிடிக் கிடப்பனோ எண்டுதான்."

அம்மாவைக் கடைசிவரை பார்த்தது அக்காதான். நான் அப்போது வெளிநாட்டில் இருந்தேன். பயப்படாதே என்ற சொல் அந்த இடத்தில் எதற்கு உதவும்? கிளினிக் கொப்பியை எடுத்து, பின்பக்கத்தில் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். வாய்ப்புண் வருமா? வந்தால் என்ன செய்வது? சாப்பிட முடியாவிட்டால் மருந்தை நிற்பாட்டலாமா? பக்கத்து வீட்டில் சொன்னார்களே, சிறுநீரில் இரத்தம் போகும் என்று, அது உண்மையா?

அடுத்த கிளினிக்கில் டொக்டர் அந்தப் பக்கத்தை முழுக்க வாசித்தார். வாந்திக்கு மருந்தை முன்கூட்டியே தருவார்களாம். வாய்க்கு மெதுவான பிரஷ், உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரால் நாளுக்குப் பலமுறை கொப்பளிப்பு. புண் வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் சொல்ல வேண்டும், அளவையும் நாளையும் மாற்ற வழி இருக்கிறது. ஏற்றப்போகிற மருந்துகளில் ஒன்றான டொக்ஸோரூபிசின் நிறமே சிவப்பு, அதனால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும், அது இரத்தம் இல்லை. இதைக் கேட்டதும் அக்காவின் முகம் இளகியது. கடைசியாக டொக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், நடுச்சாமம் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நேரத்தில் சின்னத் தொற்றும் ஆபத்து.

முதல் மருந்தன்று வலது கையில்தான் கனூலா, மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய், போட்டார்கள். நெறிக்கட்டி எடுத்த பக்கத்தில் ஊசி குத்துவதைத் தவிர்ப்பார்கள். நாங்கள் வாய் திறக்கும் முன் அக்காவே தாதியிடம் "மிஸ்ஸி, இந்தக் கை" என்று வலது கையை நீட்டினார். பிறகு வாய்ப்புண் வரத்தான் செய்தது. இரண்டு இடத்தில். கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்தோம், இறங்கியது. அன்று இரவு அத்தான் குசினியில் நின்று அழுததை அக்காவுக்கு நாங்கள் சொல்லவில்லை.

அவருக்கு 21 நாளுக்கு ஒருமுறை மருந்து. நடுவில் அணுக்கள் குறைகிற நாட்களில் கோயிலுக்குக் கூட்டிப்போவதில்லை, அடுத்த மருந்துக்கு முந்திய நாட்களில்தான் போவோம். வெள்ளிக்கிழமை சனம் நெரியும், அதனால் வேறொரு நாள் பார்ப்போம். முகக்கவசம் கட்டாயம். பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்துவிடுவார். இப்படியான ஒருவரோடு கோணேசரிடம் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் படியில் கால் சுடும். மொட்டாக்குப் போட மெல்லிய பருத்தித் துணியும் குடிக்கக் கொதித்தாறிய தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

இப்போது வீட்டுச் சுவாமி அறைச் சுவரில் அக்கா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் பதிகம் படித்தபடியே இடது கை விரல்களால் அந்தச் சுவரில் ஏறுகிறார். எல்லா மருந்தும் முடிந்ததும் கோட்டை வாசலிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்த்தியும் வைத்திருக்கிறார். எங்களையும் நடக்கச் சொல்லியிருக்கிறார், அத்தானையும் சேர்த்து.