சாவி விளக்கு அணைய மறுத்தபோது: இம்மொபிலைசர் கோளாறைத் தேடிய பதிவு

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் ஒரு நொடி பற்றிக்கொள்கிறது, உடனே அணைந்துவிடுகிறது. மீட்டர் பலகையில் சாவி வடிவ விளக்கு விடாமல் மின்னுகிறது. எங்கள் காரில் முதலில் எப்போதாவது தலைகாட்டிப் பிறகு நாள்தோறும் தொல்லையாகிவிட்ட இந்தக் கோளாறை வீட்டிலேயே தேடிச் சரிசெய்ததை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

எரிபொருள் பம்ப் கெட்டாலும் வண்டி கிளம்பாது என்பதால், உரிய சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் மீது பழியைப் போடுவதற்கு முன் அந்த விளக்கைக் கவனிக்க வேண்டும். பூட்டி நிறுத்திய வண்டியில் அது மெதுவாக மினுக்குவது இயல்பு. சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து அணைந்தால், சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது என்று பொருள். அணையாமல் எரிந்தாலோ வேகமாக மின்னினாலோ ஏற்கவில்லை. ஏற்காத வண்டி என்ன செய்யும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது: சிலவற்றில் ஸ்டார்ட்டரே சுழலாது, சிலவற்றில் சுழன்றும் எஞ்சின் பற்றாது, எங்களுடையதைப் போன்றவற்றில் பற்றிய மறுகணமே எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கான கட்டளை நிறுத்தப்படும்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. அதற்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம், பெரும்பாலான வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்றுத் தன் அடையாளத்தைத் திருப்பிச் சொல்கிறது. பிற்காலச் சாவிகளில், இம்மொபிலைசரின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை அனுப்ப, சிப் தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டால் அதைக் கணக்கிட்டுப் பதில் அனுப்புகிறது. பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு.வுக்கு அனுமதி போகும். ஆகவே, சாவியிலுள்ள பொத்தான் பேட்டரியை மாற்றிப் பார்ப்பது இங்கே வீண் வேலை; அது கதவைத் திறக்கும் ரிமோட்டுக்கு மட்டுமே உரியது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளில் மட்டும் கதை வேறு. அங்கே சாவியின் பேட்டரி தீர்ந்தால் வண்டி சாவியை உணராது. ஆனால் பல மாடல்களில் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால், பேட்டரி தேவைப்படாத இதே சிப் கைகொடுக்கும்.

சாவியைப் பத்து நிமிடம் ஆனில் வைத்தால் தானே சரியாகிவிடும் என்ற யோசனையும் எனக்குப் பலமுறை சொல்லப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பாஸ்லாக் திருட்டுத் தடுப்பு அமைப்புக்கு அது உண்மையான வழிமுறைதான். ஆனால் அதில் சாவியில் சிப்பே இல்லை, உணரி பூட்டுக்குள் இருந்தது. எல்லா வண்டிக்கும் அதை மருந்தாகச் சொல்வது பேட்டரியை இறக்குவதில்தான் முடியும்.

முதலில் பேட்டரியை அளந்தேன். நிற்கும்போது 12.5 வோல்ட், ஸ்டார்ட்டர் சுழலும்போது 10.4. சுழலும்போது 9.6க்குக் கீழே இறங்கியிருந்தால் தேடலை அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஏனெனில் மின்னழுத்தம் குறைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தடுமாறி, இல்லாத சாவிக் கோளாறையும் இருப்பதாகக் காட்டும். அடுத்து, சாவியைக் கொத்திலிருந்து தனியே கழற்றி முயன்றேன், காரணம் இன்னொரு வண்டியின் சிப் சாவி அருகில் தொங்கினாலும் வளையம் குழம்பக்கூடும். பிறகு பீரோவில் கிடந்த மாற்றுச் சாவி. காசு செலவில்லாத இந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் அதிகம் சொல்லித்தருவது. இரண்டு சாவிகளுக்கும் விளக்கு ஒரே மாதிரி மின்னியது. இரண்டு சிப்புகளும் சேர்ந்தாற்போல் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வண்டியின் கோளாறுக் குறியீடுகளை வாசிக்கும் ஸ்கேனரில் பி0513 வந்தது. பொதுவான பட்டியலில் இது சாவி பொருந்தவில்லை என்பதற்கான குறியீடு. யு0167 வந்திருந்தால் இ.சி.யு.வுக்கும் இம்மொபிலைசர் பெட்டிக்கும் இடையே தொடர்பு அறுந்துவிட்டது என்று வேறு திசையில் போயிருப்பேன். இம்மொபிலைசர் பெட்டியின் நேரடித் தகவல் பக்கத்தில், சாவி உள்ளே இருந்தும் ‘சாவி இல்லை’ என்றே காட்டியது. எஞ்சினை மட்டும் வாசிக்கும் மலிவான ஸ்கேனர்களில் இந்தப் பக்கம் திறக்காது.

மிச்சமிருந்தவை வளையம், அதன் வயர், பெட்டி ஆகிய மூன்றுதான். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருப்பதால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து, மஞ்சள் நிறக் கனெக்டர்கள் எதையும் தொடாமல் ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூடியை எடுத்தேன். பூட்டின் வாயைச் சுற்றிக் கறுப்பு வளையம், அதிலிருந்து இழை போன்ற இரண்டு வயர்கள், ஒரு சிறு கனெக்டர். கனெக்டரைப் பிரித்து வளையத்தின் பக்கம் மல்டிமீட்டர் வைத்தபோது, சுற்று அறுந்திருப்பதாகக் காட்டியது. வயரை விரலால் லேசாக நகர்த்தினேன். 14 ஓம் தெரிந்தது. விரலை எடுத்தேன், மறைந்தது. உயரம் மாற்றக்கூடிய ஸ்டீயரிங்கின் தகட்டு விளிம்பில் வயர் மடங்கும் இடத்தில், மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது. தொடக்கத்தில், உயரமான என் தம்பி ஓட்டிவிட்டு நிறுத்திய நாட்களில் மட்டும் வண்டி ஏன் முரண்டு பிடித்தது என்பது அப்போதுதான் விளங்கியது: அவன் ஸ்டீயரிங்கை உயர்த்திவைப்பான்.

அறுந்த இடத்திலேயே சால்டர் வைத்திருந்தால் விறைத்த வயர் அதே மடிப்பில் மீண்டும் ஒடிந்திருக்கும். அதனால் மடிப்புக்கு இருபுறமும் வெட்டி, நுண்ணிழைகள் கொண்ட மெல்லிய வயர்த் துண்டைச் சேர்த்து, இணைப்புகள் அசையாத இடத்தில் விழும்படி சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஸ்டீயரிங் ஏறி இறங்கத் தளர்வு விட்டுக் கட்டினேன். வளையமே கெட்டிருந்தால் வண்டிக்குரிய வளையத்தைத்தான் வாங்க வேண்டும். அது குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்ட சுற்று என்பதால், கையால் சுற்றிய காயிலை நம்ப முடியாது.

ஸ்டீயரிங்கை மேலும் கீழும் நகர்த்தியபடியே அளந்தபோது 14 ஓம் அசையவில்லை. பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து அணைந்தது, எஞ்சின் பற்றி அணையாமல் ஓடியது, குறியீட்டை அழித்த பிறகு அது திரும்பவும் வரவில்லை. வயரை மட்டுமே தொட்டதால் சாவியை மறுபடி பதிவுசெய்யும் வேலையும் எழவில்லை. இம்மொபிலைசர் பெட்டியையோ இ.சி.யு.வையோ மாற்றுபவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது: வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை அப்படியே மாட்டினால், சாவி நன்றாக இருந்தும் எஞ்சின் பற்றாது. இ.சி.யு.வின் மென்பொருளிலிருந்து இம்மொபிலைசரையே நீக்கித் தருகிறோம் என்றும் சிலர் முன்வருகிறார்கள். அறுந்த ஒரு வயருக்காகத் திருட்டுத் தடுப்பையே கழற்றி எறிவது எனக்கு ஒப்பவில்லை. அதோடு பிரிட்டனில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இம்மொபிலைசர் சட்டப்படி கட்டாயம்.