துடைத்த கையுறையிலிருந்து தொடங்கிய அணி

எங்கள் பெயிண்ட்பால் அணி எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் நண்பர்கள் ஆளுக்கொரு நாளைச் சொல்வார்கள். ஒரே நிறச் சட்டையில் முதன்முதலாகக் களமிறங்கிய நாள் என்பான் ஒருவன். பொதுப்பணத்தில், முகத்தையும் கண்ணையும் காக்கும் மாஸ்க் வாங்கிய நாள் என்பான் இன்னொருவன். என் கணக்கில், நான் ஏமாற்றிய நாளில்தான் அது தொடங்கியது.

நாங்கள் ஆறு பேரும் வாடகை மார்க்கர்களோடு, அதாவது சாயக் குண்டு சுடும் துப்பாக்கிகளோடு, விளையாடச் சென்ற மூன்றாவது தடவை அது. எதிரணியின் கொடியைக் கைப்பற்றி நம் எல்லைக்குக் கொண்டுவர வேண்டிய ஆட்டம்; சாயக் குண்டு மேலே பட்டு உடைந்தால் வெளியேறிவிட வேண்டும். முடிவதற்கு ஓரிரு நிமிடங்களே இருந்தன. அடுக்கி வைத்த பழைய டயர்களுக்குப் பின்னால் நான் மண்டியிட்டிருந்தபோது இடது முன்கையில் யாரோ சுண்டியது போலிருந்தது. குனிந்து பார்த்தேன், நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக மஞ்சள் சாயம் வழிந்துகொண்டிருந்தது. நடுவர் களத்தின் மறுகோடியில் நின்றிருந்தார். சுட்டவனுக்கும் குண்டு உடைந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வலது கையுறையால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு எழுந்து ஓடினேன். அந்த ஆட்டத்தை வென்றோம். கொடியைக் கொண்டுவந்தவனும் நானே.

மாஸ்க்குகளைக் கழுவும் குழாயடியில், சிறு வயது முதல் என்னோடு இருக்கும் நண்பன் என் கையுறையைப் பார்த்தான். "அலசிடுடா, தண்ணி பட்டாலே போயிடும்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. டயர்களுக்கு இடப்புறம், பத்தடி தள்ளி இருந்த பலகைக்குப் பின்னால் அவன்தான் இருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவன் சொன்னது சாயத்தைப் பொறுத்தவரை முழு உண்மை. பெயிண்ட்பால் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது நாம் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் அன்று. ஜெலட்டின் உறைக்குள் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற திரவமும் நீரில் கரையும் சாயமும் இருக்கும். மாத்திரை உறை செய்யும் முறையிலேயே அதையும் செய்கிறார்கள். ஆட்டக்காரரின் உடைமீதுள்ள அக்கறையால் எளிதில் கழுவத்தக்கதாகச் செய்யப்பட்ட அந்தச் சாயம், அதே காரணத்தால் எளிதில் துடைக்கத்தக்கதாகவும் ஆகிவிட்டது. இந்த ஆட்டத்தின் பெரிய குற்றத்துக்குத் 'துடைத்தல்' என்பதே பெயர்.

கிரிக்கெட்டில், மட்டையில் பந்து உரசியது தனக்குத் தெரிந்தால் நடுவரின் விரலுக்குக் காத்திராமல் வெளியேறும் ஆட்டக்காரரை நாம் பெரிய மனிதர் என்று கொண்டாடுகிறோம். பெயிண்ட்பாலில் அது பெருந்தன்மை இல்லை, அடிப்படை விதி. மரங்களுக்கும் தடுப்புகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் ஆட்டக்காரர்களை எத்தனை நடுவர்களாலும் முழுதாகக் கண்காணிக்க முடியாது. பட்டவன் தானே "ஹிட்" என்று குரல் கொடுத்து, மார்க்கரைத் தலைக்கு மேல் உயர்த்தி, குழலுக்கு உறை மாட்டிக்கொண்டு வெளியேற வேண்டும் என்ற நம்பிக்கையின் மேல்தான் முழு ஆட்டமும் நிற்கிறது.

அன்றிரவே மற்ற நால்வரிடமும் சொல்லிவிட்டேன். இதில் என் நேர்மையை மெச்ச ஒன்றுமில்லை. என் தவறை அந்தக் குழாயடி நண்பன் ஒருவன் மட்டும் எனக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எதிரணியை ஏமாற்றும்போது நம் நண்பனையும் வாய்மூடிய கூட்டாளியாக்கிவிடுகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சு அங்கிருந்து வளர்ந்து, வாரக் கடைசியில் எப்போதாவது கூடுவதை விட்டு முறையாக ஓர் அணியாக விளையாடுவது என்றும், நண்பன் துடைப்பதைப் பார்த்தால் அவன் காதில் படும்படி அங்கேயே சொல்லிவிடுவது என்றும் முடிந்தது.

அணி என்றதும் எல்லோருக்கும் சொந்த மார்க்கர் ஆசை வந்தது. நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் மாஸ்க் வாங்கச் சொன்னேன். இன்றும் புதிதாக அணி சேர்ப்பவர்களுக்கு அதையே சொல்வேன். வழக்கமான குண்டு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமும் 3 கிராம் எடையும் கொண்டது. பல திறந்தவெளிக் களங்களில் வேகத்தின் மேல்வரம்பு வினாடிக்கு 300 அடி, அதாவது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். தொடையில் பட்டால் சில நாள் கன்றிப்போயிருக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். வாடகை மாஸ்க்கில் கண்ணாடி பனிபோல் மறைத்துக்கொண்டால், கள நடுவிலேயே அதைத் தூக்கித் துடைக்கக் கை தானாகப் போகிறது. அந்த ஒரு கணம்தான் ஆபத்து. ஈரடுக்கு வெப்பக் கண்ணாடி உள்ள மாஸ்க்கில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. மார்க்கர்களை ஓராண்டுக்கும் மேலாக வாடகைக்கே எடுத்தோம். அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வேகத்தைக் குரோனோகிராஃப் கருவியில் அளந்துதான் களத்துக்குள் விடுவார்கள். அளந்த பிறகு ஒரு மூலையில் நின்று மார்க்கரின் திருகாணியைத் திருப்பி வேகத்தை ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் துடைப்பதைவிட இது கேவலம், ஏனென்றால் இதில் அடுத்தவனுக்குக் காயம் படும். ஆனால் எவரும் திருகாணியைத் தொடாமலேயே வேகம் ஏறுவதும் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. குண்டைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு உருளையில் வெயில் ஏற ஏற அழுத்தம் கூடும். காலையில் 280 அடி காட்டிய மார்க்கர் உச்சிவெயிலில் வரம்பைத் தாண்டிவிடலாம். அழுத்தக் காற்று உருளைகளில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. எங்கள் அணியில் மதிய ஆட்டத்துக்கு முன், யாரும் கேட்காமலே மறுபடி அளக்கச் சொல்வோம். எதிரணியினர் முதலில் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

இந்த விளையாட்டின் முதல் ஆட்டத்தைப் பற்றிப் படித்தது எங்கள் பேச்சுக்கு நல்ல தீனியானது. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹென்னிக்கர் என்ற ஊரருகே உள்ள காட்டில் 12 பேர் அதை விளையாடினார்கள். மரங்களிலும் மாடுகளிலும் அடையாளம் இடுவதற்காகச் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் 007 என்ற கருவிதான் அவர்கள் கையில் இருந்தது. அணிகள் கிடையாது, ஒவ்வொருவரும் மற்ற அனைவருக்கும் எதிரி. வென்றவர் ரிச்சி வைட் என்ற வனத்துறைக்காரர். எல்லாக் கொடிகளையும் சேர்த்த அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. மார்க்கரின் மேல் மாட்டும் குண்டுப்பெட்டியான ஹாப்பர் நிறைய இருநூறு குண்டுகளை நிரப்பிக்கொண்டு மரத்துக்கும் மட்டைக்கும் வாரி இறைக்கும் எங்கள் கடைக்குட்டியிடம் இதை எத்தனை முறை சொல்லியும் பயனில்லை; அவனுக்குச் சத்தம் வேண்டும்.

ஆள் சேர்ப்பதில்தான் உண்மையான சங்கடம் வந்தது. எங்கள் ஆறு பேரையும் தனியாளாக வீழ்த்தக்கூடிய ஒருவர் அணியில் சேர விரும்பினார். மூன்று நாள் எங்களோடு விளையாடினார். கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர்மேல் மேலும் நான்கைந்து குண்டுகளைப் பொழிவது அவருக்கு வழக்கமாக இருந்தது. கேட்டால், "விரல் நிற்கவில்லை" என்பார். மிக அருகில் மாட்டிக்கொண்டவரைச் சுடாமல் சரணடையக் கேட்கும் வழக்கமும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரை வேண்டாம் என்றதில் எங்களுக்குள்ளேயே இருவருக்கு வருத்தம். அந்தப் பருவத்தில் பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்னொரு சிக்கல் இன்றும் தீரவில்லை. குண்டு உடம்பில் பட்டு உடைந்தால்தான் வெளியேற வேண்டும். உடையாமல் தெறித்துப்போனால் ஆட்டத்தில் தொடரலாம். பக்கத்துத் தடுப்பில் உடைந்து சிதறிய துளிகளும் கணக்கில் சேராது. முதுகில் பட்டால் தனக்குத் தானே பார்க்கவும் முடியாது. ஐயம் வந்தால் நடுவரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் பேசிவைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் நடந்த ஆட்டத்தில் எங்கள் பக்கம் எஞ்சியவன் அந்தக் குழாயடி நண்பன் மட்டுமே. கொடி அவன் கையில். எல்லைக்கு இருபது காலடி இருக்கும். முதுகில் ஏதோ பட்டதை உணர்ந்ததும் அப்படியே நின்று நடுவரைக் கூப்பிட்டான். அவர் நடந்து வந்து, அவனைத் திருப்பி நிறுத்தி, சட்டையை இழுத்துப் பார்த்து, கறையே இல்லை, தெறித்துப் போயிருக்கிறது, ஆடலாம் என்றார். அதற்குள் நேரம் முடிந்து ஆட்டம் சமனாகிவிட்டது. திரும்பும் வழி முழுவதும் வண்டிக்குள் ஒரே சண்டை. கடைக்குட்டி கொதித்துப்போனான், நண்பனோ ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான். அவன் கூப்பிட்டது சரி, திறந்தவெளியில் நின்று கூப்பிட்டதுதான் தவறு, இரண்டு எட்டு நகர்ந்து தடுப்புக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டிருக்கலாம் என்பது என் கட்சி.