பட்டாவோடு நின்றுவிடாதீர்கள்

அமெரிக்காவில் ஹோம்ஸ்டெட் நிலம் (குடியேறிப் பயிர் செய்வோருக்கு அரசு கொடுத்த நிலம்) எடுத்த முன்னோரைத் தேடுகிறவர்கள் பலர், அரசின் பழைய நிலப் பதிவுகள் உள்ள ஜி.எல்.ஓ. ரெக்கார்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டி, பட்டாவின் படத்தை இறக்கி, ஃபிரேம் போட்டு மாட்டியதோடு முடித்துக்கொள்கிறார்கள். பட்டாவில் பெயர், நில விவரம், தேதி, இவற்றுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. குடும்பக் கதை இருப்பது அதற்குப் பின்னாலுள்ள கோப்பில்.

1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் வரை கிடைத்தது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1912இல் அது மூன்று வருடமானது. அந்த நிரூபணப் படிவம்தான் புதையல். எப்போது குடிவந்தீர், வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஏக்கர் உழுதீர், இடையில் வெளியூர் போனீரா, ஏன் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். பதில் இந்த ரீதியில் வரும்: "புல்மண் கட்டி வீடு, 14க்கு 16 அடி, ஒரு கதவு, இரண்டு சன்னல், கிணறு, 35 ஏக்கர் உழவு." வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாள்களின் நகலும் இருக்கும். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவருக்குச் சேவைக்காலம் அந்த ஐந்து வருடத்தில் கழிக்கப்பட்டது. அதனால் படையிலிருந்து விடுவித்த சான்றின் நகல் அகப்படலாம்.

சாட்சிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நிரூபிக்கப் போவதாக உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அறிவிப்பில் நான்கு சாட்சிகளின் பெயர் இருக்கும். வந்து சாட்சி சொன்னது இருவர். பக்கத்து நிலத்துக்காரர்கள்தான், ஆனால் பல நேரம் மச்சானோ மாமனாரோகூட. பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயர் இங்கே மாட்டுவதுண்டு. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போய்விட்டதால், அந்த இடைவெளியை நிரப்ப இதைவிட நல்ல தாள் கிடைப்பது அரிது.

கோப்பு வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1908 ஜூலைக்கு முந்தையது என்றால் மாநிலம், நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்றிதழ் எண், நில விவரம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் மட்டும் போதாது. ஒவ்வொரு அலுவலகமும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. அதற்குப் பிந்தையதற்குப் பட்டா எண்ணே போதும். நெப்ராஸ்கா கோப்புகள் ஸ்கேன் ஆகி இணையத்திலேயே உள்ளன.

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: சில பட்டாக்களில் 1862 மே 20 ஹோம்ஸ்டெட் சட்டத்துக்குப் பதில், அரசு நிலத்தைக் காசுக்கு விற்பதற்கான 1820 ஏப்ரல் 24 சட்டம் போட்டிருக்கும். "ஓ, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஹோம்ஸ்டெட்டாக எடுத்து, ஆறு மாதம் குடியிருந்துவிட்டு (1891க்குப் பின் 14 மாதம்), பெரும்பாலும் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முடித்தவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். பட்டா தேதியையும் குடிவந்த தேதியாக எடுக்கக் கூடாது. நிரூபித்த பிறகு ஓரிரு வருடம் கழித்துக்கூட அது வந்திருக்கும். மணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே எடுத்தார்கள், ஆகவே பழைய பெயரிலும் தேடுங்கள்.

வறட்சி, வெட்டுக்கிளி என்று நிலத்தை விட்டுப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பட்டா இல்லை, தளத்தில் பெயரும் வராது. ஆனால் ரத்தான கோப்பு இருக்கலாம். அதற்கு ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் உள்ள டிராக்ட் புத்தகங்களை (எந்த நிலத்தை யார் எடுத்தார் என்று எழுதிய பதிவேடுகளை) புரட்ட வேண்டும். அவை நிலத்தின் வரிசையில் இருக்கும், பெயர் வரிசையில் அல்ல. எனவே 1880 கணக்கெடுப்பில் அவர் எந்த டவுன்ஷிப்பில் (ஊர்ப்பகுதியில்) இருந்தார், அண்டை வீட்டார் யார் என்று பாருங்கள். அந்த அண்டை வீட்டாரின் பட்டாவிலிருந்து செக்‌ஷன் எண் கிடைக்கும். நில அளவையில் ஒரு டவுன்ஷிப்புக்கு 36 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். ஏழாவது செக்‌ஷன் ஆறுக்குக் கீழே, ஒன்றுக்குக் கீழே அல்ல.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒற்றைப்படை செக்‌ஷன் என்றால் அது ரயில்வே கம்பெனிக்கு அரசு கொடுத்த நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஹோம்ஸ்டெட் கோப்பைத் தேடிப் பயனில்லை, மாவட்டப் பத்திரப் பதிவுக்குத்தான் போக வேண்டும்.