எஸ்4 ஒன்றுதான், வால் வேறு

சூரியன் மறைந்த பிறகு நிலநடுக்கோட்டு அயனி மண்டலத்தில் (வளிமண்டலத்தின் மின்னேற்றம் கொண்ட மேல் அடுக்கு) பிளாஸ்மா குமிழிகள், அதாவது எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த பகுதிகள், கிளம்பும். அவற்றுக்குள் இருக்கும் சில நூறு மீட்டர் அளவுள்ள ஒழுங்கின்மைகள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் அலையைச் சிதறடிக்கும். ரிசீவரில் சிக்னல் துள்ளும். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) திருநெல்வேலிக்கு அருகில்தான் போகிறது. ஆனாலும் இந்த அலைவரிசையில் கடுமையான ஆட்டம் தெரிவது எலக்ட்ரான் அடர்த்தி உச்சத்தில் இருக்கும் அகமதாபாத், கொல்கத்தா பக்கம்.

ஆட்டத்தை அளக்க எஸ்4: 60 விநாடி சிக்னல் திறனின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் கிடைப்பது. 1980 முதல் பெரும்பாலோர் கைவைப்பது நாககாமி பரவலில்; திறன் எந்த மதிப்பை எவ்வளவு அடிக்கடி எடுக்கும் என்று சொல்லும் சூத்திரம் அது. அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் எம் மதிப்பு 1/எஸ்4², வேலை முடிந்தது. சராசரியைச் சுற்றிய பகுதிக்கு இது நன்றாகவே பொருந்தும். சிக்னல் எத்தனை முறை அறுந்துபோகும் என்று கேட்டால் மட்டும் இதை நம்பக்கூடாது. அதை முடிவுசெய்வது பரவலின் வால், அதாவது திறன் மிகக் கீழே விழும் அரிய கணங்கள் அமரும் ஓரம்.

எஸ்4 = 0.5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். திறன் சராசரியைவிட 20 டெசிபெல் கீழே விழும் வாய்ப்பு, நாககாமியில் (எம் = 4) ஏறத்தாழ கோடியில் 1. ரைஸ் பரவலில் (நேராக வரும் அலைக்கும் சிதறிய அலைகளுக்குமான திறன் விகிதம் கே ≈ 6.46) பத்தாயிரத்தில் 1.4. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்! லாக்நார்மல் என்ற மூன்றாவது பரவலிலோ அது நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம். மூன்றுக்கும் சராசரி ஒன்று, எஸ்4-உம் ஒன்று. ரைஸில் நேராக வரும் அலையை, சிதறி வரும் அலைகள் முழுதாக ரத்துசெய்துவிட முடியும், அதனால் பூஜ்ஜியத்திலும் அடர்த்தி மிச்சமிருக்கும். எம் = 4 நாககாமியில் அது திறனின் மூன்றாம் அடுக்காகத் தேய்ந்துவிடும்.

ஆகவே பரவலைத் தேர்ந்தெடுக்க ஹிஸ்டோகிராம் போதாது. குவிவு நிகழ்தகவை (திறன் ஒரு மதிப்புக்குக் கீழே இருக்கும் வாய்ப்பை) இரு அச்சிலும் லாக் அளவில் வரைந்து இடது வாலைப் பாருங்கள்: கோட்டின் சாய்வு 1 என்றால் ரைஸ் வகை, எம் என்றால் நாககாமி.

அந்த வாலைக் கெடுப்பவை சில உண்டு. முதலாவது இரைச்சல். 50 ஹெர்ட்ஸ் பதிவில், சிக்னல்-இரைச்சல் விகிதம் 40 டெசிபெல்-ஹெர்ட்ஸ் இருந்தால் இரைச்சல் மட்டுமே 0.1 எஸ்4 காட்டும்; 30-க்கு இறங்கினால் 0.32. இதை வர்க்கத்தில் கழிக்க வேண்டும். நேரடியாகக் கழித்தால் தப்பு. கட்டட எதிரொலியைத் தவிர்க்க அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, மெதுவான மாற்றங்களை நீக்கப் போடும் 0.1 ஹெர்ட்ஸ் வடிகட்டி. செயற்கைக்கோளின் பார்வைக்கோடும் பிளாஸ்மாவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கிழக்கே நகர்ந்தால் சிக்னல் இறக்கங்கள் நீளும். பத்து விநாடியைத் தாண்டியவற்றை வடிகட்டி மெதுவான மாற்றம் என்று எண்ணித் துடைத்துவிடும். மோசமான இறக்கங்களே இப்படிக் காணாமல் போகும்.

ரிசீவர் சிக்னல் மீதான பூட்டை (பின்தொடர்தலை) இழந்த நேரங்களைத் தூக்கி எறிவது இன்னும் பெரிய பிழை. அவைதான் வால். அந்தக் கணங்களை ‘எல்லைக்குக் கீழே’ என்று எண்ணிக்கையில் சேர்த்து, தணிக்கையிட்ட தரவுக்கான (எல்லைக்குக் கீழே என்று மட்டும் தெரிந்த, சரியான மதிப்பு தெரியாத தரவு) நிகழ்தகவுச் சார்பைக் கொண்டு பொருத்துங்கள்.

ஒரு நிமிடத்தில் 3000 மாதிரிகள் இருந்தாலும், சிக்னல் ஒரு விநாடிக்குத் தன்னையே ஒத்திருந்தால் சார்பற்றவை சுமார் 60 மட்டுமே. பரவல் தரவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கோல்மோகோரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையில் 3000 என்று கொடுத்தால் எந்தப் பரவலும் தேறாது. ஒரே எஸ்4 அளவுள்ள நிமிடங்களைப் பல இரவுகளிலிருந்து சேர்த்து, ஒவ்வொன்றையும் அதன் சராசரியால் வகுத்த பிறகு வாலைப் பொருத்துவதே சரி.